செம்மறிக்கு வெள்ளைக் கம்பளி எதற்கு?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். மற்ற வகுப்பினர் நேரத்தின் அருமை, நூலகத்தின் பயன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஆட்டைப் பற்றி எழுதுகிறோம். சிரிக்க வேண்டாம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் இடையர்களின் பின்னால் தவழ்ந்து வரும் வேட ஆட்டைத்தான் சொல்கிறோம்.

எங்கள் பள்ளியில் இரண்டாம், மூன்றாம் வகுப்புத் தங்கைகள்தாம் ஆடுகள். சில ஆண்டுகளாக அவர்களுக்கு உடை வாடகைக்கு வந்தது. வெள்ளை வெளேரென்ற பொசுபொசுப்பு, ரோஜா நிற மூக்கு, முதுகில் ஜிப். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சென்ற டிசம்பரில் ஒத்திகை தொடங்கிய மறுநாளே ஒரு தங்கை தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். கேட்டதற்குச் சளி பிடித்திருக்கிறது என்றாள். சளியும் இல்லை, இருமலும் இல்லை. அவள் அம்மா விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்; இருட்டிய பிறகே வீடு திரும்புவார். வாடகையையும் முன்பணத்தையும் கூட்டிப் பார்த்தால் அந்த அம்மாவின் ஒரு நாள் உழைப்பு போய்விடும். எட்டு வயதுப் பெண் அந்தக் கணக்கைத் தானே போட்டு, சளி என்று பொய்யும் சொல்லியிருக்கிறாள்.

உடைகளை நாங்களே செய்கிறோம் என்று சிஸ்டரிடம் போய் நின்றோம். யாரிடமும் காசு வாங்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு, கைத்தொழில் வகுப்பு நேரத்தை எங்களுக்குத் தந்தார்கள்.

ஆடென்றால் பஞ்சு, பஞ்சென்றால் போடி இலவம் பஞ்சு! மெத்தையும் தலையணையும் தைத்து ஊர் ஊராக அனுப்புகிற மாவட்டத்தில் பஞ்சுக்கா பஞ்சம் என்று துள்ளினோம். பழைய பனியன்களில் மைதாப் பசை தடவி இலவம் பஞ்சை ஒட்டினோம். ஒட்டினால்தானே! அந்த இழையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு. அதனால்தான் அதில் தண்ணீர் எளிதில் ஏறுவதில்லை. முன்பு கப்பல்களில் உயிர்காப்பு மிதவைகளுக்குள் அடைத்ததும் அதற்காகவே. எங்கள் பசையும் அதில் ஏறவில்லை. மின்விசிறியைப் போட்டதும் வகுப்பறை முழுவதும் பனி பெய்தது. ஆளாளுக்குத் தும்மினோம். இலவு காத்த கிளியின் துயரம் எங்களுக்கு அன்று புரிந்தது. போதாக்குறைக்கு, இலவம் பஞ்சு தீயைக் கண்டால் குப்பென்று பற்றும், நாடகத்திலோ மெழுகுவர்த்திகள். அந்த எண்ணத்தையே விட்டோம்.

அப்போது ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து வரும் இன்னொரு தங்கை மெல்லக் கேட்டாள்: "எங்க தாத்தா கிடையில இப்புடி ஒரு ஆடுகூட இல்லையேக்கா?"

உண்மைதானே! அறுவடை முடிந்த வயலில் கிடை போடும் ஆடுகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவற்றில் எதற்குக் கம்பளி இருக்கிறது? தமிழ்நாட்டில் நீலகிரி ஆடு, கோயம்புத்தூர் ஆடு, திருச்சி கறுப்பு ஆடு ஆகியவற்றுக்கு உண்டு. வேம்பூர் ஆடு, கீழக்கரிசல் ஆடு போன்ற தெற்கத்தி ஆடுகளுக்குக் குட்டை மயிர்தான். நிறமும் செம்மை, பழுப்பு, வெள்ளையில் செந்திட்டு என்று பலவிதம். செம்மறி என்ற பேரிலேயே செம்மை இருக்கிறது. நாமோ வாழ்த்து அட்டையில் ஐரோப்பிய ஓவியர் வரைந்த ஆட்டைப் பார்த்துவிட்டு அதுதான் ஆடு என்று நம்பிவிட்டோம்.

பெத்லகேம் ஆட்டுக்குக் கம்பளி உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. அந்த நாட்டின் அவாசி ஆட்டுக்கு முகம் பழுப்பு, வால் கொழுத்துத் தொங்கும். ஆக, ரோஜா மூக்கு வாடகை ஆடு அந்த ஊரும் இல்லை, இந்த ஊரும் இல்லை. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது, உயிருள்ள மாட்டையும் கழுதையையும்தான் கொண்டுவந்து நிறுத்தினார். அவற்றை அவர் எந்தக் கடையிலும் வாடகைக்கு எடுத்ததாகத் தெரியவில்லை!

பிறகு வேலை ஓடியது. வீட்டுக்கு ஒரு காலிச் சாக்கு வந்தது. சணல் குத்தும் என்பதால் இரண்டு முறை அலசிக் காயவைத்து, உள்ளே பழைய நூல் புடவையை வைத்துத் தைத்தோம். நடுவில் தலை நுழையும் அளவு ஓட்டை, இரு பக்கமும் நாடா. காதுக்குக் காய்ந்த வாழைப்பட்டை பொருத்தமாகச் சுருண்டு தொங்கியது. முதல் ஒத்திகையிலேயே நொறுங்கியும் போனது. பிறகு துணிக்குள் அட்டை வைத்துத் தைத்தோம். முகத்துக்குக் காகிதக் கூழ். பாட்டிமார் முறம் மெழுகுவதுபோல் அதில் வெந்தயம் அரைத்துச் சேர்த்தோம், பூச்சி வராது. முகமூடியாக மாட்டாமல் தொப்பிபோல் நெற்றிக்கு மேலே வைத்தோம். மூச்சும் விடலாம், பாடவும் செய்யலாம். வாலைத் தொங்க விட்டோம், நிமிர்ந்தால் வெள்ளாடாகிவிடும். வீணாகக் கிடந்த இலவம் பஞ்சைப் பழைய காலுறைகளில் அடைத்து முழங்காலுக்குக் கட்டினோம். சிமெண்டு மேடையில் தவழ்ந்து ஒரு தங்கைக்கும் தோல் உரியவில்லை. இது எங்களுக்குப் பெருமையான விஷயம். "சளி" பிடித்த தங்கைதான் முதலில் மேடையேறிய ஆடு.

குறையையும் சொல்லிவிடுகிறோம். பின்வரிசைப் பெற்றோர் சிலர் நாய்க்குட்டிகள் என்று நினைத்தார்களாம். புகைப்படத்திலும் வாடகை ஆடுகளே பளிச்சென்று இருந்தன.

ஆனாலும் வாடகை வேடம் நம் பள்ளிக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அதற்குப் பதிலாக "வீட்டில் செய்து அனுப்புங்கள்" என்று குறிப்பேட்டில் எழுதி அனுப்புவதும் வேண்டாம். வீட்டில் செய்வது என்றால் அம்மா செய்வது என்றே ஆகிவிட்டது. பகலெல்லாம் ஏலக்காய் பறித்த கைகள் இரவில் யானைத் தும்பிக்கை தைக்க வேண்டுமா? கடையில் வாங்க முடிந்த வீட்டுக்கு மாறுவேடப் போட்டியில் பரிசு. முடியாத வீட்டுக்குச் சளி! வேடம் பள்ளியிலேயே, பள்ளி நேரத்திலேயே, அக்காமாரும் தங்கைமாரும் சேர்ந்து செய்வதாக இருக்கட்டும். போட்டியிலும் நடுவர்கள் உடையைப் பார்ப்பதோடு, இதை எப்படிச் செய்தாய் என்று குழந்தையையே கேட்கட்டும்.

திருச்சூரில் ஓணத்தின்போது நடக்கும் புலிக்களியில் வயிற்றில் புலி முகம் வரைய விடியற்காலையிலிருந்து மணிக்கணக்காக நிற்பார்கள். ஒருவர் உடம்பில் இன்னொருவர் தீட்டினால்தான் உண்டு. நெடுங்காலம் ஆண்களே புலிகளாக இருந்த அந்த ஆட்டத்தில் 2016இல் பெண்களும் புலியானார்கள். மேகமலைக் காடு 2021இல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு நாங்களும் ஒரு புலியை இறக்கலாமா என்று சிஸ்டரிடம் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

ஆட்டு உடைகள் கைத்தொழில் அறை அலமாரியில் வேப்பிலையோடு மடித்து வைக்கப்பட்டுள்ளன. ஒரு காதை மட்டும் எலி கடித்துவிட்டது. பெற்றோர்களே, நவம்பரில் வீட்டுக்கு ஒரு காலிச் சாக்கு, கிழியாததாக, கொடுத்தனுப்புங்கள்.