சுவரோரத்து நாற்காலி

அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸில் டாங்கோ ஆடுவதற்காக இரவில் கூடும் சபைக்கு மிலோங்கா என்று பெயர். அங்கே ஓர் ஆடவன் ஒரு பெண்ணின் நாற்காலியருகே சென்று, ஆட வருகிறாயா என்று வாய்விட்டுக் கேட்பது சம்பிரதாயம் அல்ல. கூடத்தின் ஒரு பக்கத்திலிருந்து அவன் பார்க்க, எதிர்ப்பக்கத்திலிருந்து அவளும் பார்க்க, அவன் தலையை இலேசாக அசைக்க, அவளும் அசைத்தால் சம்மதம், இல்லையேல் பார்வையைத் திருப்பிக்கொள்வாள், அவ்வளவுதான். கபெசெயோ என்னும் இந்தச் சங்கேதம், பலர் நடுவே மறுக்கப்படும் அவமானத்திலிருந்து அவனையும், தாட்சண்யத்துக்காக இணங்கும் சங்கடத்திலிருந்து அவளையும் ஒருசேரக் காப்பாற்றுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவரும் ஏறிட்டுப் பாராதவரை ஒருவரும் மறுத்ததாக ஆகாதல்லவா? ஆகையால் அப்படிப் பார்க்கப்படாமல் உட்கார்ந்திருப்பவர் யாரிடம் போய்க் குறைபட்டுக்கொள்வது?

பழைய இசைக்குழு ஒன்றின் பாட்டுகள் மூன்றோ நான்கோ சேர்ந்தது ஒரு தாண்டா. அது முடிந்ததும், டாங்கோவுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சிறு இசைத்துணுக்கு ஒலிக்க, களம் காலியாகிறது. புதிதாக வந்தவள் நிமிர்ந்து உட்காருகிறாள். எதிர்வரிசையில் ஒருவர் தலையசைக்கிறார். அவள் பாதி எழுந்தும் விடுகிறாள். அசைத்ததோ அவளுக்குப் பின்னால் இருந்த பத்து வருஷத்துப் பரிச்சயக்காரிக்கு. கைப்பையை எடுக்கத்தான் எழுந்தேன் என்பதுபோலக் குனிந்து, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தாண்டாவில் ஒலிக்கும் டி ஸார்லி இசைக்குழுவின் வயலின்களை நாலு பாட்டு வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பந்தியில் பக்கத்து இலைவரை பரிமாறி வந்தவன் அப்படியே திரும்பிப் போய்விட்டால் எப்படி இருக்கும்? பசியைவிட, நாலுபேர் பார்க்க உட்கார்ந்திருப்பதுதான் அதில் துன்பம்.

இதற்காக, தங்களுக்குள் பழகிய கோஷ்டியைத் திட்டிப் பயனில்லை. மார்போடு மார்பு சேர்த்து, பத்துப் பன்னிரண்டு நிமிஷம் இன்னொருவர் மூச்சின் லயத்தில் நடப்பதற்குத் தெரிந்தவரைத் தேடுவது மனித சுபாவம். புதியவர்களோடு தர்மத்துக்காவது ஆடுங்கள் என்று விதி செய்தால், அது தர்மம் என்பது முதுகில் பட்ட கையிலேயே தெரிந்துவிடும்.

டாங்கோ உச்சத்திலிருந்த 1940-களில், இளைஞர்கள் ஆண்கள் மட்டுமே கூடும் பயிற்சிக்கூடங்களில் மாதக்கணக்கில், முதலில் பெண்ணின் பாத்திரத்தையும் பிறகு ஆணின் பாத்திரத்தையும் கற்றார்கள் என்றும், தேறியவனை மூத்தவர் ஒருவர் சபைக்கு அழைத்துச் சென்று, தமக்குத் தெரிந்த பெண்ணிடம் இவனோடு ஆடும்படி கேட்டுக்கொள்வார் என்றும் அக்காலத்தவர் சொல்லியிருக்கிறார்கள். கோஷ்டி அன்றும் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு வாசல் இருந்தது, வாசலில் ஓர் ஆளும் இருந்தார். 2009-ல் யுனெஸ்கோ டாங்கோவை மானிடப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது; அந்த வாசல்காரர் பட்டியலில் ஏறவில்லை. இன்று பெர்லினிலும் இஸ்தான்புல்லிலும் அடிவைப்பைக் கற்பிக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சபைப் பிரவேசம் பெரும்பாலும் அவரவர் சாமர்த்தியம்.

ஆகவே என் வழக்கு ஆடுபவர்மேல் அல்ல, சபை நடத்துபவர்மேல். புவெனஸ் ஐரிஸின் சம்பிரதாயக் கூடங்களில் யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். முன்வரிசை வாடிக்கைக்காரர்களுக்குப் போய்விடுகிறது. பார்வையே அழைப்பாகிவிட்ட இடத்தில் பார்வை எட்டாத நாற்காலியைக் கொடுப்பது, கட்டணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவதுதான். விளக்கைச் சற்றுத் தூண்டட்டும். புதியவளை முன்வரிசையில், பழகியவள் ஒருத்தியின் பக்கத்தில் அமர்த்தி, இரண்டு பேருக்கு அறிமுகம் செய்து வைக்கட்டும். அதற்குமேல் ஒருவரும் அழைக்காவிட்டால் அது அவரவர் இஷ்டம். தலையசைத்தது யாருக்கு என்ற சந்தேகமாவது அவளுக்கு இராது.