பிரேக் மாற்ற எந்தக் கராஜுக்குப் போவது?



இம்முறை வாகனத்தின் பிரேக்கைப் பற்றி எழுதப் போகிறேன். எங்களிடம் ஏது கார் என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் நான் வேலை செய்யும் கிராமங்களில் பழைய காரோ ஓட்டோவோ வாங்கி வாடகைக்கு ஓட்டும் பெண்கள் இப்போது இருக்கிறார்கள். வண்டி ஓடினால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். அவர்களுடைய வண்டிகள் பெரும்பாலும் பழையவை. 2020ஆம் ஆண்டு அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனிப்பட்ட பாவனைக்கான கார்களை மீண்டும் இறக்குவதற்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் 2022இல் ரூபாயின் பெறுமதி விழுந்ததோடு உதிரிப்பாகங்களின் விலையும் ஏறிவிட்டது. ஆகவே இருக்கிற வண்டியைத் திருத்தித் திருத்தித்தான் ஓடவேண்டியிருக்கிறது.

பரந்தன் பக்கத்தில் இருக்கும் ஓர் அக்காவின் கதையைச் சொல்கிறேன். கணவர் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். இரண்டு பிள்ளைகள். பழைய மாருதி அல்டோ ஒன்று வைத்திருக்கிறார். கிளினிக் போகும் கர்ப்பிணித் தாய்மாரையும் வயதானவர்களையும் ஏற்றி இறக்குவதுதான் தொழில். சில நாட்களில் ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வரைக்கும் போய் வருவார். அந்தக் காரில் பிரேக் மிதிக்கும் போதெல்லாம் முன்பக்கத்தில் 'கீச்' என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. "பிள்ளை, இதை எங்க கொண்டுபோய்க் காட்டுறது?" என்று என்னிடம் கேட்டார்.

நான் படித்தது சமூகவியல். ஆனாலும் அவருடைய கேள்வியில் பாதிக்கு மேல் மனிதர்களைப் பற்றியதுதான். முன்னர் ஒவ்வோர் ஊரிலும் தகப்பன் காலத்திலிருந்து தெரிந்த ஒரு மெக்கானிக் இருப்பார். அவர் பிழை விட்டால் கோயிலடியில் கேட்கலாம், கடையடியில் கேட்கலாம். நாலு பேர் கேட்பார்கள் என்ற பயமே அவரை ஒழுங்காக வேலை செய்ய வைக்கும். பல தடவை இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மீளக் குடியேறிய எமது பெண்களுக்கு அந்தத் தொடர்புகள் அறுந்துபோய்விட்டன. முன்பின் தெரியாத ஒருவரை நம்பித்தான் வண்டியை விடவேண்டியிருக்கிறது.

அக்கா முதலில் போன கராஜில், "ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?" என்றுதான் கேட்டார்களாம். பிறகு ஒரு சில்லைக்கூடக் கழற்றாமல், "நாலு சில்லுக்கும் மாத்தோணும், மாஸ்டர் சிலிண்டரும் பழுது" என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று அக்கா திரும்பி வந்துவிட்டார். இதை நான் பெரிய துணிவு என்பேன். வந்தது வந்தாச்சு, விட்டுவிட்டுப் போவம் என்று நினைக்கும் இடத்தில்தான் எங்கள் காசு போகிறது. அவர்கள் சொன்னது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. சில்லைக் கழற்றாமல் அது உண்மையா பொய்யா என்று அவர்களுக்கே தெரிந்திருக்க முடியாது.

அடுத்ததாகக் கணவரின் தம்பி ஒரு வழி சொன்னார். அவருடைய சிநேகிதர் ஒருவர் கடனுக்குச் செய்து தருவாராம், காசு ஆறுதலாகக் கொடுக்கலாமாம். கையில் காசில்லாத மாதத்தில் இதைவிட இனிப்பான பேச்சு வேறு இல்லை. ஆனால் அக்கா ஓர் இரவு யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். "அங்க பிழைச்சா நான் ஆரிட்டக் கேக்கிறது? கேட்டா வீட்டுக்கதான் சண்டை வரும்" என்பது அவருடைய நியாயம். கடனுக்குச் செய்த வேலையில் குறை கேட்க வாய் வராது என்பது உங்களுக்கும் தெரியும்தானே.

நகரத்தில் பெரிய சேவை நிலையங்கள் இருக்கின்றன. அங்கே பற்றுச்சீட்டு, உத்தரவாதம் எல்லாம் ஒழுங்கு. கூலி கூட. முன்கூட்டியே நாள் எடுக்க வேண்டும், ஒரு நாள் உழைப்பும் போகும். காசு இருப்பவர்களுக்கு அது நல்ல வழி.

கடைசியில் அக்கா செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் வாடகைக்கு நிற்கும் கார்க்காரரில் அதே அல்டோ வைத்திருந்த மூன்று பேரைத் தனித்தனியாக விசாரித்தார். எங்கே மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. மாற்றி எவ்வளவு காலம் ஓடியது, திரும்பப் போகவேண்டி வந்ததா, போனபோது முகம் கொடுத்தார்களா என்றும் கேட்டார். இரண்டு பேர் ஒரே இடத்தைச் சொன்னார்கள். தகரக் கொட்டகை போட்ட சிறிய கராஜ் அது. நானும் கூடப் போனேன்.

அங்கிருந்த பெரியவர் முதலில் காரை ஓட்டிப் பார்த்தார். பிறகு ஜாக்கால் உயர்த்தி முன்சில்லைக் கழற்றி, "இஞ்ச வந்து பாருங்கோ தங்கச்சி" என்று அக்காவைக் கூப்பிட்டார். இந்த மாதிரிக் காரில் முன்சில்லுகளில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதுதான் டிஸ்க். அதை இரு பக்கமும் நெரித்துப் பிடிப்பவை பாட். பின்சில்லுகளில் டிரம் இருக்கும், அதற்குள் விரிந்து பிடிப்பவை சூ. நிறுத்தும் போது பாரம் முன்னுக்கு வருவதால் முன் பாட்தான் விரைவில் தேயும். பாட்டின் தடிப்பு 3 மில்லிமீற்றரளவுக்கு வந்தால் மாற்றவேண்டியதுதான். பல பாட்களில் ஒரு சிறிய தகடு வைத்திருப்பார்கள். பாட் தேய்ந்ததும் அந்தத் தகடு டிஸ்கில் உரசிக் கீச்சிடும். அக்கா கேட்ட சத்தம் அதுதான். அந்த நேரத்தில் மாற்றினால் பாட்டின் செலவோடு போகும். பொருட்படுத்தாமல் ஓடினால் 'கறகற' என்று இரும்பும் இரும்பும் உரசி டிஸ்கும் போய்விடும்.

பின்சில்லையும் கழற்றிக் காட்டினார். சூ இன்னும் ஓடும், ஒயில் கசிவும் இல்லை. தூசியைத் துடைத்து இறுக்கிவிட்டார். ஆக, முன்பக்கம் இரண்டு சில்லுக்கும் பாட் மட்டும்தான் மாற்றவேண்டியிருந்தது. ஒரு சில்லுக்கு மட்டும் மாற்றக்கூடாது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்றும் சொன்னார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். பொருளாதாரத் தடை இருந்த 1990களில் எங்கள் ஆட்கள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். உதிரிப்பாகம் இல்லாத காலத்தில் இருந்ததை வெட்டி ஒட்டி வண்டியை நிற்காமல் ஓடவைத்தார்கள். சிறுமியாக அதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் அந்தக் கைத்திறனில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் "இதைப் போட்டுச் சமாளிப்பம்" என்ற பழக்கம் பிரேக்குக்கு ஆகாது. வேறு காரின் பாட்டை அராவிப் போடுவது, கையில் இருக்கிற ஏதாவது ஒயிலை ஊற்றுவது போன்ற கதை வந்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பிரேக் ஒயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஒயில் ஊற்றினால் உள்ளே இருக்கும் றப்பர்கள் ஊதிப் பழுதாகிவிடும். டொட் 3, டொட் 4 என்று வகை உண்டு. உங்கள் காருக்குரியதை மூடி உடைக்காத போத்தலாக வாங்குங்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. திறந்து வைத்த போத்தல் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பாட்டை அக்காவே கடையில் வாங்கிக்கொண்டு வந்தார். பழைய பாட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அளவு ஒப்பிட்டுப் பார்த்தார். பெட்டியும் பற்றுச்சீட்டும் அவரிடமே இருக்கின்றன. கூலியை வேலை தொடங்க முன்னரே கேட்டு எழுதி வாங்கினார். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் முறைப்பாட்டை நிரூபிப்பது கஷ்டம்.

இன்னொன்று. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனை செய்கிறோமல்லவா, அதில் சித்தியடைந்த வண்டிக்குப் பிரேக்கும் சரி என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே பார்ப்பது புகையை மட்டும்தான்.

பாட் மாற்றி முடிந்ததும் காரை உடனே எடுக்கக்கூடாது. மிதி இறுகும் வரைக்கும் நின்ற இடத்திலேயே பல தடவை மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. பிறகு பெரியவரைப் பக்கத்தில் இருத்தி, வயல்கரை ஒழுங்கையில் அக்காவே ஓட்டிப் பார்த்தார். மிதி பஞ்சு போல் அமிழ்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனித்தபின்தான் காசைக் கொடுத்தார். முதல் சில நாட்களுக்குச் சடுதியாக மிதிக்காமல் ஓடும்படி பெரியவர் சொல்லிவிட்டார். மாற்றிய திகதியும் மீற்றர் இலக்கமும் சங்கக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

ஓட்டோ ஓட்டும் சகோதரிகளுக்கு ஒரு சொல். பெரும்பாலான ஓட்டோக்களில் மூன்று சில்லுக்கும் டிரம் பிரேக்தான். கீச்சென்ற முன்னறிவிப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம், மிதி எவ்வளவு ஆழம் போகிறது என்று நாளாந்தம் கவனியுங்கள். மாரியில் வெள்ளம் நின்ற வீதியைக் கடந்தால் டிரம்முக்குள் நீர் போய்ப் பிரேக் சரியாகப் பிடிக்காது. மெதுவாக ஓடியபடியே சில தடவை லேசாக மிதித்துக் காயவிட்டபின் வேகத்தைக் கூட்டுங்கள்.