நடத்தைக்குக் கழித்தல் குறியா?

வெளிநாட்டில் உழைக்கும் தகப்பன், இளையாத்தங்குடியில் படிக்கும் பிள்ளையின் நடத்தையைச் செல்போனிலேயே பார்க்கலாமே என்கிறார்கள், மாணவர் நடத்தைக்குப் பள்ளிகள் புள்ளி போடும் நடத்தைச் செயலிக்காக வாதாடுபவர்கள். அந்தத் தகப்பனின் தவிப்பு உண்மை. ஆனால் அவருக்கு வந்து சேரப்போவது 'வகுப்பில் பேசினான், கழித்தல் ஒன்று' என்ற பதிவுதான். ஏன் பேசினான் என்பது அதில் இராது. வகுப்பாசிரியர் பத்து நிமிடம் போனில் பேசினால் அது தெரிந்துவிடும்.

தகவல் பத்திரமாக இருக்குமாம். ஆனால் மத்திய அரசின் தீக்‌ஷா கல்விச் செயலியே மாணவர்களின் இருப்பிடத்தைத் திரட்டியதை 2022இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளிக்கொணர்ந்தது. குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிக்க 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடை விதிக்கிறது. 2025 விதிகளோ கல்வி, பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பள்ளிகளுக்கு விலக்களித்துவிட்டன. ஏழாம் வகுப்புக் குறும்பு எத்தனை ஆண்டு, யாரிடம் இருக்கும்? எழுத்தில் பதில் வரும்வரை எந்தப் பெற்றோரும் செயலிக்குச் சம்மதித்துக் கையெழுத்திடக் கூடாது.