பள்ளியும் வீடும் இணைந்து நடக்கட்டும்



2022-ஆம் ஆண்டில் மார்ச்சு மாதத்திற்கு மாறிச் சென்ற நம் நாட்டின் பள்ளித் தொடக்கம், 2026-இல் மீண்டும் சனவரி மாதத்திற்கே திரும்பியது. அதன் பயனாகப் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே தைப்பொங்கலும் வந்தது. தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு அழுத முதலாம் ஆண்டுச் செல்வங்கள், கண்ணீர் காயுமுன்னே பள்ளித் திடலில் பானை பொங்கக் கண்டு கைகொட்டி மகிழ்ந்தனர். அடுத்துத் தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்பு மாதம் எனப் பெருநாள்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வர, முதல் தவணை விரைந்தோடி மறைந்தது. அத்தவணையைத் திரும்பிப் பார்க்கும் இவ்வேளையில், மகிழ்ச்சியோடு ஒரு குறையையும் எடுத்துரைப்பது எங்கள் கடமையெனக் கருதுகின்றோம்.

முதலில் மகிழ்ச்சியைக் கூறுவோம். இல்ல விளையாட்டுப் போட்டியன்று திடலைச் சுற்றிலும் நிற்க இடமில்லை. தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பம் குடும்பமாக வந்திருந்தனர். தம் பிள்ளை எந்த இல்லத்தைச் சேர்ந்தவன் என்பதையும் மறந்து, கடைசியாய் ஓடி வந்த சிறுவனுக்கும் கைதட்டி ஊக்கமூட்டிய பெற்றோரின் பெருந்தன்மையை நாங்கள் என்றும் மறவோம். பொங்கல் விழாவுக்கு முந்திய நாள் நடந்த துப்புரவுப் பணியில், வேலை முடிந்த களைப்போடு வந்து கால்வாயைச் சுத்தம் செய்த தந்தையரும் உளர். திருக்குறள் மனனப் போட்டியிலும் கதை சொல்லும் போட்டியிலும் மேடையேறிய மாணவர்களின் உச்சரிப்பில், வீட்டில் தாய்மார்கள் அளித்த பயிற்சி தெளிவாய்த் தெரிந்தது. இவர்கள் அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இனிக் குறையைக் கூறுவோம். தவணையின் இறுதியில் வகுப்பாசிரியர் சந்திப்பு நாள் நடைபெற்றது. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவரின் பயிற்சி நூல்களையும் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தனர். மண்டபத்தில் இட்ட நாற்காலிகளில் பாதிக்கு மேல் வெறுமையாகவே இருந்தன. விளையாட்டுப் போட்டிக்குத் திரண்டு வந்த கூட்டம் எங்கே போயிற்று? ஓடும் பிள்ளையைக் காண ஆவல் கொண்டவர்கள், படிக்கும் பிள்ளையைப் பற்றிக் கேட்க ஏன் வரவில்லை? இதுவே எங்கள் உள்ளத்தை வருத்தும் வினா.

அன்று வந்திருந்த ஒரு தாயின் கதையைக் கூறுகின்றோம். அவருடைய மகன் மூன்றாம் ஆண்டு மாணவன். வாய்மொழியாகக் கேட்டால் பட்டென்று விடை கூறுவான். பலகையைப் பார்த்து எழுதினாலோ எழுத்துகள் மாறிப் போகும். கவனக்குறைவு என்றே ஆசிரியர் எண்ணியிருந்தார். பேச்சுவாக்கில் அத்தாய், "தொலைக்காட்சிக்கு அருகிலேயே போய் உட்காருகிறான், எவ்வளவு அதட்டியும் கேட்பதில்லை," என்றார். ஆசிரியருக்குச் சட்டென்று உண்மை விளங்கியது. கண் பரிசோதனை செய்யப்பட்டது. இன்று அம்மாணவன் மூக்குக்கண்ணாடியுடன் முன்வரிசையில் அமர்ந்து பிழையின்றி எழுதுகின்றான். பாதிச் செய்தி ஆசிரியரிடம் இருந்தது; மறுபாதி தாயிடம் இருந்தது. இரண்டும் சேர்வதற்குத் தேவைப்பட்டது கால் மணி நேரமே. அன்று அத்தாய் வராதிருந்தால், அச்சிறுவன் இன்னும் எத்தனை மாதம் 'கவனமில்லாதவன்' என்னும் பெயரைச் சுமந்திருப்பானோ!

முன்னாளில் பெற்றோருக்கு ஓர் அளவுகோல் இருந்தது. 1988-ஆம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு மாணவர்கள் யு.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதி வந்தனர். எத்தனை 'ஏ' என்று கேட்டால் போதும், பிள்ளையின் நிலை தெரிந்துவிட்டதாக நாம் எண்ணினோம். 2019-இல் கடைசியாக நடந்த அத்தேர்வு, 2020-இல் பெருந்தொற்றால் கைவிடப்பட்டு, 2021-இல் முற்றாக நீக்கப்பட்டது. வகுப்பறையிலேயே ஆசிரியர் ஆண்டு முழுவதும் மாணவரை மதிப்பிடும் முறை முதன்மை பெற்றது. தேர்வு முறைகள் இனியும் மாறலாம். ஆனால், ஆறாண்டு உழைப்பையும் ஒரே நாளில் கிடைக்கும் ஒரு தாளைக் கொண்டு அறிந்துகொள்ளலாம் என்றிருந்த பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலைகள் ஆறு. முதல் நிலை, மாணவர் ஒன்றை அறிந்திருப்பது. இரண்டாம் நிலை, அதனை விளங்கிக்கொள்வது. மூன்றாம் நிலை, விளங்கியதைச் செய்து காட்டுவது. அதன்பின் முறையாகச் செய்வதும், பாராட்டத்தக்க வகையில் செய்வதும், பிறருக்கு முன்மாதிரியாய் விளங்குவதும் முறையே நான்காம், ஐந்தாம், ஆறாம் நிலைகளாகும். மூன்றாம் நிலையே அடைய வேண்டிய குறைந்த அளவு. இதனை அறியாத பெற்றோர் சிலர், '3' என்று கண்டவுடன் ஆறுக்கு மூன்று மதிப்பெண் என எண்ணிப் பிள்ளையைக் கடிந்துகொள்கின்றனர். வேறு சிலர், '2' என்று கண்டும் தேர்ச்சிதான் என்று வாளாவிருந்து விடுகின்றனர். இரண்டுமே பிள்ளைக்குத் தீங்கு. இரண்டாம் நிலையில் நிற்கும் மாணவருக்கு அன்றே கைகொடுத்தால், மூன்றாம் நிலையை எட்டச் செய்யலாம். ஆறாம் ஆண்டில் விழித்துக்கொண்டால் காலம் கடந்துவிடும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

பெற்றோரைக் குறை கூறுவது மட்டும் எங்கள் நோக்கமன்று. அன்று நம் முன்னோர் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போயினர். பள்ளிப் பக்கம் வர அவர்களுக்கு நேரமில்லை. இன்று தாயும் தந்தையும் தொழிற்சாலையில் முறைவேலை பார்க்கின்றனர். ஒருநாள் விடுப்பு எடுத்தால் ஒருநாள் சம்பளம் போகிறது. இது எங்களுக்குத் தெரியாததன்று. பள்ளியின் பக்கமும் தவறு உண்டு. நன்கொடை கேட்பதற்கும் பிள்ளையின் குறும்பைப் பற்றி முறையிடுவதற்கும் மட்டுமே பெற்றோரை அழைத்தால், பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தாலே அவர்கள் அஞ்சத்தானே செய்வர்? புலனக் குழுவில் அறிவிப்பு அனுப்பிவிட்டதோடு கடமை முடிந்ததென்று இருப்பதும் முறையன்று. குழுவில் வரும் செய்தி நூறு பேருக்குப் பொதுவானது. தம் பிள்ளையைப் பற்றிய செய்தியோ நேரில் பேசினால்தான் கிடைக்கும்.

ஆகவே, பள்ளிக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கும் மூன்று கருத்துகளை முன்வைக்கின்றோம். முதலாவது, சந்திப்பு நாளைச் சனிக்கிழமையிலும், இயன்றால் ஒரு மாலை வேளையிலும் வைத்தல் வேண்டும். இரண்டாவது, தவணைக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் ஒரு நற்செய்தியை வகுப்பாசிரியர் வீட்டிற்குத் தெரிவித்தல் வேண்டும். மூன்றாவது, தந்தையோ தாயோ வர இயலாவிட்டால், பாட்டியோ மாமாவோ அத்தையோ வந்தாலும் பள்ளி முகமலர்ந்து வரவேற்றல் வேண்டும்.

பெற்றோரிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே. வந்து மூன்று வினாக்களைக் கேளுங்கள்: என் பிள்ளை எதில் சிறந்து விளங்குகிறான்? எதில் தடுமாறுகிறான்? வீட்டில் நான் செய்ய வேண்டியது யாது? இம்மூன்றுக்கும் விடை பெற்றுச் சென்றால், அதுவே தனிவகுப்புக் கட்டணத்தைவிட மதிப்புடையது.

வரும் தவணைகளில் உங்களை எதிர்நோக்கும் நிகழ்ச்சிகள் பல. மே 16-ஆம் நாள் ஆசிரியர் தினம். தமிழ்ப்பள்ளிகளையும் நாட்டின் கல்வி அமைப்பில் ஓர் அங்கமாக்கிய ரசாக் அறிக்கை, 1956-இல் அதே நாளில்தான் சட்டமன்றத்தில் ஏற்கப்பட்டது. அன்று மாணவர்கள் தம் கைப்பட வாழ்த்து எழுதி ஆசிரியர்களுக்கு வழங்கவிருக்கின்றனர்; விலையுயர்ந்த பரிசு எதுவும் வேண்டா. ஆகஸ்டு 31-ஆம் நாள் தேசிய தினத்தையும் செப்டம்பர் 16-ஆம் நாள் மலேசிய தினத்தையும் ஒட்டி அணிவகுப்பும் பாட்டுப்போட்டியும் நடைபெறும். வாசிப்பு வாரம், தீபாவளி ஒன்றுகூடல், பரிசளிப்பு விழா ஆகியனவும் தொடர்ந்து வரும். இவற்றுக்கெல்லாம் நீங்கள் திரண்டு வருவீர்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அடுத்த வகுப்பாசிரியர் சந்திப்பு நாளையும் இப்பட்டியலில் முதலாவதாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

நம் நாட்டில் தமிழ்க்கல்வி 1816-ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கி இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. அரசின் உதவியோடு, கூலிப் பணத்திலிருந்து கொடுத்தவர்களும், கல்லும் மண்ணும் சுமந்தவர்களும் சேர்ந்து காத்த கல்வி இது. அவர்கள் தந்தது பொருளும் உழைப்பும். இன்று பள்ளி நம்மிடம் கேட்பது தவணைக்குக் கால் மணி நேரம். ஒரு கை தட்டினால் ஓசை எழாது. ஆசிரியர் ஒரு கை நீட்டிக் காத்திருக்கின்றார். மற்றொரு கை உங்களுடையது. அடுத்த சந்திப்பு நாளில் ஒரு நாற்காலியும் வெறுமையாய் இராதிருக்கட்டும்.

வளர்க நம் பள்ளி! வாழ்க நம் செல்வங்கள்!

— மலர்க்குழுவினர்