பெயரற்ற மலைச்செடியும் கமக்காரரின் முதுசொமும்

உணவுக்கு உதவாத காட்டுச் செடியொன்றைத் தேடி மலையேறுவதும், அதனை உலர்த்தித் தாளில் ஒட்டி வைப்பதும், அதற்குப் புதுப்பெயர் சூட்டுவதும் பொதுப் பணத்துக்குக் கேடு என்று எண்ணுவோர் எம்மிடையே பலர் உளர். "எங்கள் கத்தரி வாடிச் சாகிறது, அதற்கு வழி சொல்லுங்கள். காட்டுக் கத்தரிக்குப் பெயர் வைத்து ஆவது என்ன?" என்று போதனாசிரியரிடம் கமக்காரர் கேட்பது நியாயமான கேள்வியே. அக்கேள்விக்கு விடை கூறுவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும். பெயரிடும் வேலை வீண் வேலையன்று என்பதும், வாடும் கத்தரிக்கு வழி தேடும் வேலையின் முதற்படி அதுவே என்பதும் எமது துணிபு.

முதலில் உறவுமுறையை அறிந்துகொள்வோம். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகிய மூன்றும் சொலானம் என்னும் ஒரே சாதியைச் சேர்ந்த பயிர்கள். மிளகாயும் புகையிலையும் அதே குடும்பத்தின் வேறு சாதிகளைச் சேர்ந்தவை. எமது வேலியோரங்களில் விதைப்பாரின்றி முளைக்கும் சுண்டங்காய், கண்டங்கத்தரி, தூதுவளை, மணத்தக்காளி என்பனவும் சொலானஞ் சாதியினவே. இச்சாதியில் 1,200க்கு மேற்பட்ட இனங்கள் உலகில் உள்ளன. அவற்றுள் மனிதர் பயிராக்கியவை மிகச் சில. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடரிலும் அதனைச் சார்ந்த மலைக்காடுகளிலும் இவ்வினங்கள் மிகுதியாக வாழ்கின்றன. அங்கிருந்து புதிய இனங்கள் இன்றும் அறியப்பட்டு வருகின்றன. 2010ஆம் ஆண்டில் சாண்ட்ரா நாப் என்னும் தாவரவியலறிஞர், மெக்சிக்கோ முதல் பெரு வரையுள்ள மலைப்பகுதிகளில் வாழும் நான்கு கொடிச் சொலானங்களைப் புதிய இனங்களென விவரித்து வெளியிட்டார்.

இத்தகைய வேலையால் விளையும் பயனுக்கு ஒரு சான்று காட்டுவோம். 1962ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், ஹியூ இல்டிஸ், டொனால்ட் யூஜென்ட் என்னும் இரு அமெரிக்கத் தாவரவியலறிஞர் பெரு நாட்டின் தென்பகுதியிலுள்ள அப்பூரிமாக் பிரதேசத்தின் மலைப் பள்ளத்தாக்குகளில் காட்டு உருளைக்கிழங்கினங்களைத் தேடிச் சென்றனர். அங்கே மஞ்சட் பூவும், ஒட்டும் இலையும், விரும்பத்தகாத மணமும் உடைய களைச்செடி ஒன்றைக் கண்டனர். அதன் காய்கள் பச்சை நிறத்தில் வெண்கோடுகள் உடையவையாய், மிகச் சிறியனவாய் இருந்தன. அது காட்டுத் தக்காளி வகை என்பதை உணர்ந்து, தாம் தேடி வந்த பொருளன்று என்று தள்ளிவிடாமல், செடியை அழுத்தி உலர்த்தி, 832 என்னும் இலக்கமிட்டுப் பதிந்து, விதைகளையும் சேர்த்து வைத்தனர். அவ்விதைகள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் தக்காளியினங்களை ஆராய்ந்துவந்த சார்ள்ஸ் றிக் என்பாருக்கு அனுப்பப்பட்டன.

றிக் அவ்விதைகளை முளைக்கவைத்தார். அதனோடு ஒத்த வேறு மலைத்தக்காளிகளையும் அருகே வளர்த்து ஒப்பிட்டார். கண்ணால் நோக்கும்போது ஒரே செடியெனத் தோன்றியவை உண்மையில் இரண்டு இனங்கள் என்பது பல்லாண்டு ஆராய்ச்சியின் பின்னரே தெளிவாயிற்று. ஒன்று சற்றுப் பெரிய பூவுடையது. அயல்மகரந்தம் ஏற்கும் இயல்பினது. மற்றது சிறு பூவுடையது. தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. 1976ஆம் ஆண்டில் றிக்கும் அவருடன் பணியாற்றியோரும் இவ்விரண்டையும் புதிய இனங்களென விவரித்து வெளியிட்டனர். 832ஆம் இலக்கச் செடிக்குப் போலந்து நாட்டுத் தக்காளி ஆராய்ச்சியாளர் கிமியெலெவ்ஸ்கியின் பெயர் சூட்டப்பட்டது. சொலானம் கிமியெலெவ்ஸ்கியை என்பது அதன் இன்றைய பெயர். நுவரெலியாவை ஒத்த உயரத்திலும் அதனினும் மிக்க உயரத்திலும் உள்ள வறண்ட மலைப் பள்ளத்தாக்குகளே அதன் தாயகம். செடி கண்டெடுக்கப்பட்டதற்கும் பெயர் பெற்றதற்கும் இடையே 14 ஆண்டுகள் சென்றன என்பதைக் கவனிக்க.

அதன் பயன் யாது? பயிர்த் தக்காளியின் சாற்றில் கரைந்துள்ள சீனி முதலிய திண்மப் பொருள் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கே. இச்சிறு காட்டுக் காயிலோ அது ஏறக்குறைய 10 பங்கு. றிக் காட்டுச் செடியைப் பயிர்த் தக்காளியுடன் இனங்கலந்து, பிறந்த செடிகளைத் தலைமுறை தலைமுறையாக மீண்டும் பயிர்த் தக்காளியுடனேயே கலந்து, பெரிய காயும் மிகுந்த திண்மமும் ஒருங்கே அமைந்த வழிகளை 1980ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். தக்காளிக் களியும் குழம்பும் செய்யும் ஆலைகளுக்கு இது பெரும் வாய்ப்பு. சாற்றில் திண்மம் மிகுந்தால், வற்றவைக்க வேண்டிய நீரும் அதற்குச் செலவாகும் எரிபொருளும் குறையும். இதனால் விளையும் ஆதாயம் ஆண்டொன்றுக்கு 80 இலட்சம் டொலர் என இல்டிஸ் பின்னாளில் மதிப்பிட்டு எழுதினார். தின்ன உதவாத ஒரு மலைக்களை ஈட்டித் தந்த செல்வம் இது.

இனி, ஓர் இனத்தை விவரித்தல் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். செடியைப் பூவோடும் காயோடும் பறித்து, அழுத்தி உலர்த்தி, கண்ட இடம், உயரம், நாள், நிறம் என்பவற்றைக் குறித்து, உலர்செடிச் சேகரத்தில் வைத்தல் வேண்டும். முன்னர்ச் சேர்க்கப்பட்ட செடிகள் யாவற்றோடும் அதனை ஒப்பிடல் வேண்டும். வேறுபாடு உறுதியானால், ஒரு செடியை அவ்வினத்தின் மூலமாதிரி எனக் குறித்து, அதன் உறுப்புக்களை அளந்தெழுதிப் பெயருடன் வெளியிடல் வேண்டும். 1935 முதல் 2011 வரை இவ்விவரணம் இலத்தீன் மொழியில் அமைதல் கட்டாயமாயிருந்தது. 2012 முதல் ஆங்கிலத்தில் எழுதவும் இடமுண்டு. எமது நாட்டுச் செடிகளின் மாதிரிகள் பேராதனைத் தாவரவியற் பூங்காவிலுள்ள தேசியச் சேகரத்தில் பேணப்படுகின்றன. இது காணி உறுதி எழுதுதல் போன்ற வேலை. உறுதியில்லாத காணியைத் தன்னதென்று நாட்டுவது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் பெயரில்லாத இனத்தைக் காப்பது. பெயரில்லாததைத் தேடிக் கேட்டுப் பெற இயலாது. அது அழிந்தாலும் அழிந்தது இன்னதென்று எவரும் அறியார்.

"ஒரு காட்டுச் செடி உதவிற்று; அது போதாதா? மேலும் மேலும் தேடுவது எதற்கு?" எனச் சிலர் வினவலாம். வெலிமடையிலும் நுவரெலியாவிலும் உருளைக்கிழங்கு செய்வோர் பிந்திய வெளிறல் நோயை நன்கறிவர். அந்நோயைத் தாங்கும் குணம் மெக்சிக்கோ நாட்டு மலைகளில் வளரும் சொலானம் டெமிசம் என்னும் காட்டுக் கிழங்கிலிருந்து பயிர்க் கிழங்குக்கு ஊட்டப்பட்டது. ஆனால் நோய்க்கிருமியும் மாறிக்கொண்டே வந்தது. சில ஆண்டுகளில் அத்தடையை அது வென்றது. ஆகவே ஆராய்ச்சியாளர் வேறு காட்டினங்களை நாட வேண்டியதாயிற்று. நோய் ஓயாதவரையில் தேடலும் ஓய முடியாது. எந்தக் காட்டினம் எந்நாளில் எந்நோய்க்கு உதவும் என்பதை முன்கூட்டி எவராலும் சொல்ல இயலாது. ஆதலின் பயன் தெரிந்த பின்னர்க் காப்போம் என்பது, வெள்ளம் வந்தபின் வரம்பு கட்டுவோம் என்பதற்கு ஒப்பாகும்.

இது தோட்டப் பயிருக்கு மட்டும் உரிய கதையன்று. நெற்செய்கையாளரும் இதனைத் தம் கதையாகக் கொள்ளலாம். கபிலநிறத் தத்தி பரப்பும் புற்குட்டை வைரசு நோய் ஆசிய நாடுகளின் வயல்களைத் தாக்கியபோது, பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 6,000க்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தனர். இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலிருந்து பெறப்பட்ட ஒரைசா நிவாரா என்னும் காட்டுநெல்லின் ஒரு மாதிரியிலேயே தக்க எதிர்ப்புக் காணப்பட்டது. அவ்வினம் தனிப்பெயர் பெற்றது 1965ஆம் ஆண்டிலேயே. எமது வரண்ட வலயத்தில் வளரும் மற்றொரு காட்டுநெல், ஒரைசா றைசோமாற்றிஸ், 1990ஆம் ஆண்டில் டங்கன் வோன் என்பவரால் புதிய இனமென விவரிக்கப்பட்டது. நிலத்தின் கீழே வேர்த்தண்டுக்கிழங்கை வைத்துக்கொண்டு கோடையைத் தாங்கும் இந்நெல் இலங்கையன்றி வேறெங்கும் இயற்கையாய் வளர்வதில்லை. நெடுங்காலம் எம் மாடுகள் மேய்ந்த புல்லுக்கு உலக ஏட்டில் இடங்கிடைத்தது அன்றுதான்.

மற்றொரு நியாயமான கேள்வி உண்டு. "மலைச்செடியின் ஆதாயம் ஆலைக்காரருக்குச் சென்றது, மலைநாட்டுக் கமக்காரனுக்குக் கிடைத்தது என்ன?" என்பது அது. 1962ஆம் ஆண்டில், ஒரு நாட்டின் செடியாற் பெறும் பயனில் அந்நாட்டுக்கும் பங்குண்டு எனக் கூறும் உலக உடன்படிக்கை எதுவும் இருக்கவில்லை. 1992ஆம் ஆண்டின் உயிர்ப்பல்லினத்தன்மை உடன்படிக்கை அவ்வுரிமையை ஏற்றுக்கொண்டது. இலங்கையும் அவ்வுடன்படிக்கையைச் சார்ந்த நாடாகும். எனினும் உரிமை கோருவதற்கும் முதலில் பெயர் வேண்டும். எம்மிடம் உள்ளவை எவை என்று நாமே எழுதி வைக்காவிடின், எமது பொருளை எமதென்று எவ்வாறு நாட்டுவோம்? ஆதலால், உலர்செடிச் சேகரத்துக்கும் விதைக் களஞ்சியத்துக்கும் அரசு செலவிடும் பணத்தைக் கமக்காரர் குறைகூறலாகாது. அது போதாதென்று கேட்கும் முதற் குரலே கமக்காரர் குரலாய் இருத்தல் வேண்டும்.

இங்கே ஒரு முரண்பாடு தோன்றலாம். களையைப் பிடுங்குங்கள் என்று போதிப்பவரே காட்டுச் செடியைக் காக்குமாறும் கூறுவது எங்ஙனம்? இரண்டும் வெவ்வேறு இடங்களுக்குரிய போதனைகள். பயிர்நிலத்தில் உள்ள காட்டுச் சொலானங்கள் வாடல் நோய்க்கும் வைரசு நோய்க்கும் பீடைகளுக்கும் தங்குமிடமாகக் கூடும். அங்கே அவற்றை நீக்குவதே முறை. ஆனால் பாத்தியில் களை பிடுங்குதல் வேறு, ஊரெல்லையிலும் காட்டோரத்திலும் ஒரு செடியின் குலத்தையே அறுத்தல் வேறு. வேலியிற் கிடந்த சுண்டங்காயையே பாருங்கள். பற்றீரியா வாடலையும், வேரில் முடிச்சு விழச்செய்யும் வட்டப்புழுவையும் அது பெருமளவு தாங்கவல்லது. ஆதலால் அதன் நாற்றை ஒட்டுக்கட்டையாகக் கொண்டு கத்தரியை ஒட்டும் முறை பல ஆசிய நாடுகளில் வழங்குகிறது. கத்தரி வாடுகிறதே என்று கேட்டவருக்குரிய விடைகளுள் ஒன்று அவர் வேலியிலேயே நிற்கிறது.

ஆகவே கமக்காரர் கடைப்பிடிக்கத்தக்கவை இவை:

1. நாற்றுமேடையிலும் பயிர்நிலத்திலும் களையெடுத்தலை வழக்கம்போலச் செய்க. வேலி, குளக்கட்டு, காட்டோரம் ஆகிய இடங்களில் அனைத்தையும் எரித்தலையும், களைநாசினி தெளித்து அழித்தலையும் தவிர்க்க.

2. முன்பு கண்டறியாத காட்டுக் கத்தரியையோ காட்டு நெல்லையோ கண்டால், இடத்தையும் நாளையும் பூவின் நிறத்தையும் குறித்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவிக்க.

3. அறியாத காட்டுக் காய்களைச் சுவைத்துப் பார்க்க வேண்டாம். சொலானங்களுட் பல நஞ்சுடையவை. சிறுவர்க்கும் இதனை எடுத்துக் கூறுக.

4. ஒதுக்குக் காடுகளிலும் தேசிய வனங்களிலும் செடியையோ விதையையோ பறிக்கலாகாது. அது சட்டப்படி குற்றம்.

5. பரம்பரையாய் வைத்திருக்கும் கத்தரி, மிளகாய், நெல் வகைகளை விட்டுப் புதுவகைக்கு மாறுவோர், பழைய விதையிற் பிடியளவேனும் கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்திற் சேர்வதற்குப் போதனாசிரியரிடம் ஒப்படைக்க.

வயலும் தோட்டமும் முன்னோர் எமக்கு விட்டுச்சென்ற முதுசொம் எனப் போற்றுகிறோம். அப்பயிர்களின் காட்டுச் சுற்றமும் அம்முதுசொத்தின் ஒரு பங்கே. பங்காளி யாரென்று அறியாமல் முதுசொத்தைக் காக்க இயலாது. எட்டாத மலையில் ஒருவர் ஒரு செடிக்குப் பெயரிட்டார் என்ற செய்தி இனி உங்கள் காதில் விழும்போது, அது எமக்கு எதற்கென்று தள்ளாமல், எம் பயிரின் உறவினர் ஒருவர் இன்று பதிவேறினார் என மகிழ்வீர்களாக.