காத்திருக்கும் நாளும் சிகிச்சையே

பிறந்து 3 முதல் 6 வாரமான குழந்தை, பால் குடித்ததும் பீய்ச்சியடித்தாற்போல் வாந்தி எடுத்து, உடனே பசித்து அழுமானால், அதனைச் சாதாரண எதுக்களிப்பு என்று விட்டுவிடலாகாது. இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்து, பால் குடலுக்குள் இறங்கும் வழியை அடைத்திருக்கக்கூடும்.

ஸ்கேனில் நோய் உறுதியானதும், திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளிலிருந்து குழந்தையைத் தூக்கிவரும் பெற்றோர், ‘இன்றே ஏன் அறுவைச் சிகிச்சை செய்யவில்லை?’ என்று கேட்கின்றனர். அவர்தம் தவிப்பு நியாயமானதே. ஆயினும் அந்தக் காத்திருப்பு அலட்சியமன்று. ஓயாத வாந்தியில் அமிலமும் உப்புகளும் வெளியேறிவிடுகின்றன. அந்நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் குழந்தையின் மூச்சு தடைப்படலாம். ஆகவே முதலில் டிரிப்ஸ் ஏற்றி, இரத்தத்தின் உப்புகளைச் சீர்செய்கிறோம். பெரும்பாலும் ஓரிரு நாளில் இது கைகூடும்.

அந்நாள்களில் செவிலியர் சிறுநீரை அளப்பார், எடை பார்ப்பார், உடற்சூட்டைக் காப்பார். நனைந்த துணிகளை எறியாமல் அவரிடம் காட்டுங்கள். அழுகிறதே என்று நீங்களாகப் பால் புகட்டாதீர்கள். தாய் தன் பாலைப் பீய்ச்சி எடுத்துவந்தால் சுரப்பு வற்றாது.

1912-இல் ஜெர்மானிய மருத்துவர் ராம்ஸ்டெட் வெளியிட்ட முறைப்படியே இன்றும் தடித்த தசையைக் கீறி வழி திறக்கிறோம். சில மணி நேரத்திலேயே பால் தொடங்கலாம். பின்னர் ஓரிரு முறை வாந்தி வந்தால் அஞ்ச வேண்டா. தொடர்ந்தால் உடனே சொல்லுங்கள்.