யார் ஆக்கிரமிப்பாளர்?

பெங்களூரு மாநகரின் வடகிழக்கில், ஹென்னூர் சாலையை ஒட்டி அமைந்துள்ளது லிங்கராஜபுரம். தமிழ் பேசும் உழைப்பாளி மக்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. சுற்றிலும் உள்ள கம்மனஹள்ளி, காச்சரகனஹள்ளி, பானசவாடி எல்லாம் ஒரு காலத்தில் வயலும் தோப்புமாக இருந்த கிராமங்கள். இன்று நெருக்கமான குடியிருப்புகள். கனமழை பெய்தால் தாழ்வான வீடுகளுக்குள் நீர் புகுவது இம்மாநகரின் வாடிக்கையாகிவிட்டது. ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னரும் ஆட்சியாளர்கள் உச்சரிக்கும் சொல் 'ஆக்கிரமிப்பு' என்பதே. ஆக்கிரமித்தவர் யார், அனுமதி வழங்கியவர் யார் என்ற கேள்விகளை அச்சொல் மிக எளிதாக மூடிவிடுகிறது.

சுற்றுச்சூழல் கொள்கை அமைச்சரவைக் கூட்டத்தில்தான் பிறக்கிறது என்று கருதுவது தவறு. நிலத்திற்குச் சூட்டப்படும் பெயரிலேயே அது தொடங்கிவிடுகிறது. கர்நாடக வருவாய்ப் பதிவேடுகளில் ஏரி, ஓடை, பொதுப்பாதை, இடுகாடு போன்றவை 'பி கராப்' என்ற வகையில் அடங்குகின்றன. 'கராப்' என்றால் கெட்டது, பாழானது என்று பொருள். தமிழகத்தில் இத்தகைய நிலத்திற்குப் 'புறம்போக்கு' என்று பெயர். வரி விதிப்புக்குப் புறம்பாக, ஊரார் அனைவருக்கும் பொதுவாக விடப்பட்ட நீர்நிலையும் மேய்ச்சல் நிலமும் அதில் அடங்கும். வரி தராத நிலம் பயனற்றது என்ற காலனிய ஆட்சியின் கணக்கு, அச்சொல்லை வசைச் சொல்லாகவே ஆக்கிவிட்டது. எண்ணூர்க் கழிமுகம் சீரழிக்கப்படுவதை எதிர்த்து 2017இல் டி.எம்.கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்', அந்த வசையின் பின்னுள்ள அரசியலைத்தான் வெளிச்சமிட்டது.

பாழ் என்று பெயரிட்ட இடத்தில் எதையும் கட்டலாம். பெங்களூருவில் தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமானது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமானது. சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமானது. கோரமங்கலா ஏரியின் இடத்தில் தேசிய விளையாட்டு கிராமம் எழுந்தது. இவை எவற்றையும் அரசு ஆக்கிரமிப்பு என்று அழைத்ததில்லை. வளர்ச்சி என்றே அழைத்தது. 2017இல் கர்நாடக அரசு இன்னொரு படி மேலே சென்று, 'ஏரித் தன்மையை இழந்த' ஏரிகளைப் பதிவேட்டிலிருந்தே நீக்கும் யோசனையை முன்வைத்தது. வரத்துக் கால்வாயை அடைத்தவர் யார் என்று விசாரிக்காமல், ஏரி தானாகவே இறந்துவிட்டதாகச் சான்றளிக்கும் மொழி இது.

2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையின் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் வெள்ளத்தில் சிக்கியபோது, 'ராஜகாலுவே' எனப்படும் பெருங்கால்வாய்களின் மீதான கட்டடங்களை இடிக்கும் நடவடிக்கை தொடங்கியது. இத்தகைய நடவடிக்கைகளில் வசதி படைத்தோருக்கு மறு அளவீடு, மேல்முறையீடு, நீதிமன்றத் தடை என்று அவகாசம் கிடைத்துவிடுகிறது. கால்வாய் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் கட்டடத் தொழிலாளியிடமும் வீட்டுவேலை செய்யும் பெண்ணிடமும் புல்டோசர்தான் முதலில் வருகிறது. பதிவேட்டில் இரு தரப்புக்கும் ஒரே பெயர்தான். நீர்வழியை மீட்பது அவசியம் என்பதில் ஐயமில்லை; வெள்ளத்தில் முதலில் மூழ்குவதும் ஏழையின் குடிசையே. ஆனால் அருகிலேயே மாற்று வீடு தராமல் அவரை அகற்றுவதற்குச் 'சூழல் பாதுகாப்பு' என்று பெயரிடுவது மோசடியாகும்.

காடுகளிலும் இதே சொல்தான் ஆயுதமாகப் பயன்பட்டது. தலைமுறைகளாக வாழ்ந்த ஆதிவாசி மக்கள் தங்கள் மண்ணிலேயே ஆக்கிரமிப்பாளர்களாக்கப்பட்டனர். மக்கள் இயக்கங்களின் போராட்டத்தாலும் நாடாளுமன்றத்தில் இடதுசாரிகளின் அழுத்தத்தாலும் உருவான 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், இம்மக்களுக்கு இழைக்கப்பட்டது 'வரலாற்று அநீதி' என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. அந்த இரு சொற்களைச் சட்டத்தில் எழுதவைக்கப் பல்லாண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுமாறு 2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, நாடு தழுவிய எதிர்ப்புக்குப் பின் அம்மாதம் 28 அன்று நிறுத்திவைக்கப்பட்டது.

எந்தச் சொல் என்பது மட்டுமல்ல, எந்த மொழி என்பதும் கொள்கையைத் தீர்மானிக்கிறது. 2020ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை ஒன்றிய பாஜக அரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டது. கருத்துக் கூற மக்களுக்குள்ள 30 நாள் அவகாசத்தை 20 நாளாகக் குறைப்பதும், 'கேந்திர முக்கியத்துவம்' என்று அரசு முத்திரையிடும் திட்டங்களின் விவரங்களை மறைப்பதும் அதில் அடங்கியிருந்தன. அட்டவணை மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்த்து வெளியிடுமாறு ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை எதிர்த்து ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இறுதி அறிவிக்கைக்குக் கர்நாடக உயர் நீதிமன்றம் ஆகஸ்டில் இடைக்காலத் தடை விதித்தது. மக்கள் படித்துவிடுவார்கள் என்ற அச்சமே இந்தப் பிடிவாதத்தின் காரணம்.

பெங்களூருவின் கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளின் கழிவுநீர் ஏரிகளின் வழியே தென்பெண்ணையில் கலந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. இதை இரு மாநிலங்களின் தகராறாகச் சித்தரிக்கும் குறுகிய இனவாத அரசியல், கழிவைச் சுத்திகரிக்கத் தவறிய நிர்வாகத்தையும் ஆலை முதலாளிகளையும் தப்பவிட்டு, மொழியின் பெயரால் மக்களை மோதவிடுகிறது. அதன் விளைவு என்ன என்பதை 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தில் பெங்களூருத் தமிழ் உழைப்பாளிகள் அனுபவித்தனர். லிங்கராஜபுரத்தில் கன்னடமும் தமிழும் உருதுவும் பேசும் மக்கள் சுவாசிப்பது ஒரே கால்வாயின் நாற்றத்தைத்தான்.

ஆகவே, ஒவ்வொரு பகுதியின் நில வரைபடத்தையும் பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்று, மக்களின் மொழிகளில் அவர்கள் முன் வாசிப்பது கட்சிக் கிளைகளின் உடனடிக் கடமையாகும். ஏரியை விற்றவர், மனைக்கு அனுமதி அளித்தவர், கால்வாயை அடைத்தவர் ஆகியோரின் பட்டியல் தயாராகட்டும். ஆக்கிரமிப்பாளர் என்ற சொல் உரியவரின் மீது அப்போதுதான் சென்று சேரும்.